முதல் நாள், முதல் கேள்வி: தோட்டப் பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வரை ஒரு வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் பள்ளித் தவணை தொடங்கும் வாரத்தில் நம் ஆசிரியர் புலனக் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றி வரும். “முதல் நாளுக்கு என்ன ஐஸ் பிரேக்கிங் செய்யலாம்? ஏதாவது இருந்தா அனுப்புங்க சார்.” அடுத்த நிமிடமே பத்து பிடிஎஃப் வந்து விழும். பந்து எறிந்து பெயர் சொல்வது, பிங்கோ தாள், இரண்டு உண்மை ஒரு பொய் என்று எல்லாம் இருக்கும். நானும் அனுப்பியிருக்கிறேன், நானும் பதிவிறக்கம் செய்திருக்கிறேன். ஐஸ் கச்சாங் தவிர வேறு ஐஸைப் பார்க்காத ஊரில் எந்தப் பனிக்கட்டியை உடைக்கப் போகிறோம் என்று ஒருநாள் யோசித்தபோதுதான், இந்தக் கேள்விக்கு நம் தோட்டங்களில் ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் எந்த நடவடிக்கையை எடுப்பது, எதை விடுவது என்பதும் ஓரளவு தெளிவாகும். வரலாற்றுத் தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் இதில் வரும் ஆண்டுகள் உதவும்.

முதலில் நம் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பண்டார் பாரு கெடாவின் தென்கோடி. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக்கின் பாரிட் புந்தார். கொஞ்சம் மேற்கே போனால் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால். மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் மூலை. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு பள்ளி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சனியும் ஞாயிறும் விடுமுறை. சித்தப்பா பிள்ளைகள் ஞாயிறன்று தூங்கும்போது எங்கள் மாணவர்கள் பேருந்துக்கு நிற்பார்கள். இங்குள்ள ஒரு முதலாம் படிவ வகுப்பில் பழைய தோட்டத்துப் பிள்ளைகள், செர்டாங் டவுன் பிள்ளைகள், புதுத் தாமான் பிள்ளைகள் எல்லாரும் கலந்து உட்காருகிறார்கள்.

ஆனால் தோட்டப் பள்ளிக் காலத்தில் அறிமுகம் என்ற பேச்சே எழவில்லை. அதற்குக் காரணம் கங்காணி முறை. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், தன் உறவு, அக்கம்பக்கம், தெரிந்த குடும்பம் என்றுதான் ஆள் சேர்த்து வந்தார். ஒரு தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. 1938-இல் இந்திய அரசு தடை போட்ட பிறகுதான் இப்படி ஆள் கொண்டுவருவது நின்றது. அதற்குள் ஒரே ஊரின், ஒரே உறவின் ஆட்கள் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வரும் முன்பே ஆயாக்கொட்டகையில் ஒரே ஏணையில் மாறிமாறித் தூங்கியவர்கள். விடிகாலையில் பெற்றோர் பெரட்டுக்குப் போகும்போது ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஏழு வயதில் அதே கூட்டம் அப்படியே பள்ளிக்கு நடந்து வரும். யாருக்கு யாரை அறிமுகம் செய்வது?

பள்ளிகள் வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். இந்நாட்டில் தமிழ் வகுப்பு 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது என்பதை 2016-இல் நாம் இருநூறாம் ஆண்டாகக் கொண்டாடினோம். ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கு வேர், தொழிலாளர் சட்டம். கூட்டு மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டில் இல்லை. 1909 ஒப்பந்தம் வரை சயாமின் பிடியில் இருந்து, பிறகு பிரிட்டிஷ் ஆலோசகரின் கீழ் வந்த மாநிலம். இருந்தும் ரப்பர் இங்கேயும் அதே வேகத்தில் பரவியது. கூலி லயம், ஆயாக்கொட்டகை, கோயில், கள்ளுக்கடை, ஒரு பலகைப் பள்ளி என்ற அதே அமைப்புதான் இங்கேயும். ஒரே வாத்தியார், ஒரே அறை, எல்லா வகுப்பும். சில இடங்களில் அந்த வாத்தியாரே கணக்கப்பிள்ளை வேலையும் பார்த்தார். 1957-இல் விடுதலை பெற்றபோது நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பது இனிப்பான விஷயம் மட்டும் இல்லை. புதிதாய் ஒரு குடும்பம் வேறு தோட்டத்திலிருந்து வந்தால் அந்தப் பிள்ளையிடம் கேட்ட முதல் கேள்வி “நீ யார் வீட்டுப் பிள்ளை?” அடுத்தது “உங்க ஆளுங்க எந்த ஊரு?” கேட்பவர் தேடியது ஊரை இல்லை, சாதியை. ஊர்ப் பெயரைச் சொன்னால் மற்றதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஆக, நம்மிடம் அறிமுகக் கேள்வி இல்லாமல் இல்லை. பிள்ளையை ஓர் இடத்தில் கட்டிப்போடும் கேள்வியாக அது இருந்தது. இன்றும் நம்மில் சிலர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், பழக்கத்தில் இதைக் கேட்டுவிடுகிறோம்.

நிலைமை மாறியது இடைநிலைப்பள்ளியில்தான். 1956 ரசாக் அறிக்கை, 1960 ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961 கல்விச் சட்டம் என்ற வரிசை தேர்வு மாணவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அதன் விளைவு தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன என்பதுதான் நம் விஷயம். தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்தது. அதற்கு மேல் அரசாங்கத் தேர்வுகள் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான். 1965 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல் எல்லாரும் கீழ்நிலை இடைநிலைக்குப் போகலாம் என்றானது. தமிழ்ப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் படித்து வந்தவர்கள், மொழி பழக, முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு தனியாக உட்கார வேண்டும். அதுதான் புகுமுக வகுப்பு. மலாயில் பெரலிஹான். எங்கள் அம்மா தலைமுறைக்கு “ரிமூவ் கிளாஸ்”. இங்கிலாந்துப் பள்ளிகளில் இரண்டு படிவங்களுக்கு நடுவில் இருந்த இடைவகுப்பின் பெயர் அது. ஆனால் தோட்டத்தில், எங்கிருந்தோ தங்களை ‘ரிமூவ்’ செய்துவிட்டார்கள் என்றே பலர் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வகுப்பறையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஒரு பாதியில் தமிழ்ப் பிள்ளைகள், பல தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். மறுபாதியில் சீனப் பிள்ளைகள். இவர்களுக்கு அவர்கள் பேச்சு புரியாது, அவர்களுக்கு இவர்கள் பேச்சு புரியாது. இரண்டு பக்கத்துக்கும் வாத்தியார் பேசுவது சரியாகப் புரியாது. பக்கத்தில் இருப்பவனிடம் “உன் பேர் என்ன?” என்று கேட்கவே ஒரு மூன்றாம் மொழி வேண்டும். அந்த மூன்றாம் மொழியின் முதல் பாடமே பெயர் சொல்வதுதான். இந்த நாட்டில் அறிமுக நடவடிக்கை பாடத்திட்டமாகவே நடந்த வகுப்பு என்றால் இதைத்தான் சொல்வேன். யாரும் அதற்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மா 1973-இல் அந்த வகுப்பில் இருந்தார். முதல் வாரம் முழுக்க ஒவ்வொருவராக எழுந்து “மை நேம் இஸ்” என்று தொடங்கி, எங்கே குடியிருக்கிறோம், அப்பா என்ன வேலை என்று மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். அம்மா சொல்வார்: “மூணாவது வாக்கியம்தான் கஷ்டம். தோட்டத்துல எல்லா அப்பாவும் பால்மரம் வெட்டுறவங்கதான். அங்க அது ஒரு பதிலே இல்ல. ரிமூவ் கிளாஸ்ல அதைச் சொன்னப்பதான் பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க.” என் சின்ன மாமா 1977-இல் போனார். அதற்கு முந்தைய ஆண்டுதான் முதலாம் படிவத்தில் பயிற்றுமொழி மலாயாக மாறியிருந்தது. அவருக்கு அதே மூன்று வாக்கியம், “நாமா சாயா” என்று தொடங்கியது. மொழி மாறியது, கேள்வி மாறவில்லை. மூன்றாவது கேள்வி அப்படியேதான் இருந்தது.

இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாடநூலின் முதல் பக்கம் அப்படித்தான் இருக்கும். பெயர், ஊர், குடும்பம், தொழில் என்பது எந்த மொழிப் பாடத்துக்கும் எளிய தொடக்கம். ஆனால் எளிய வாக்கியம் எல்லாருக்கும் எளிதாய்ச் சொல்லக்கூடியது ஆகாது.

வேறு நாட்டிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே சிக்கல் எழுந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரம். 1971-இல் அங்கே வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஒரே அறையில் இருந்தும் முறைத்துக்கொண்டார்கள், அடித்துக்கொண்டார்கள். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரை அழைத்தார்கள். அவர் பந்து எறியும் விளையாட்டு எதையும் கொண்டுவரவில்லை. பாடத்தை ஆறு துண்டாக்கி, ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். மற்ற ஐந்து பேர் சொல்வதைக் கேட்காமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது. அதிலே ஆங்கிலம் தடுமாறும் ஒரு மெக்சிகப் பையன் இருந்தான். முதலில் அவனைக் கிண்டல் செய்தார்கள். ஆனால் அவன் துண்டு தேர்வில் வருமே! கிண்டலை விட்டுவிட்டு, அவனிடமிருந்து எப்படிக் கேட்டு வாங்குவது என்று பழகிக்கொண்டார்கள். ஜிக்சா முறை என்று நாம் எல்லாரும் பயிற்சியில் படித்தது இதைத்தான். இருபத்தோராம் நூற்றாண்டுக் கற்றல் என்ற தலைப்பில் படித்ததால், அது பிறந்தது ஒரு சண்டையிலிருந்து என்பது நமக்குச் சொல்லப்படவில்லை.

அதற்கும் முன்னால் மொரேனோ என்பவர், “யார் பக்கத்தில் உட்கார ஆசை?” என்று பிள்ளைகளைக் கேட்டு, பதில்களைக் கோடு போட்டு வரைபடமாக்கினார். 1934-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். எல்லாக் கோடும் ஒரு சிலரிடம் போகும், சிலரிடம் ஒரு கோடு கூட வராது. நான் இதை வகுப்பில் ஒருமுறை, தாளில் இரகசியமாக எழுதச் சொல்லிச் செய்து பார்த்தேன். ஒரு கோடும் வராத மூன்று பேரும் வெவ்வேறு மூலையில் தனியாக இருந்தவர்கள். தாளை வீட்டிலேயே வைத்துவிட்டேன், மாணவர் கண்ணில் படக் கூடாது. ஆனால் அடுத்த வாரம் குழு பிரிக்கும்போது அது எனக்கு உதவியது.

நம் நாட்டு அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1980களில் ரிமுப் என்று நாம் சுருக்கிச் சொல்லும் மாணவர் ஒருமைப்பாட்டுத் திட்டம் வந்தது. மூவினப் பள்ளிகளும் சேர்ந்து விளையாட்டு, முகாம் நடத்துவது. பிறகு வாவாசான் பள்ளிகள் வந்தன. கெடாவில் அலோர் ஸ்டார் தாமான் அமானிலும், நமக்கு ஆற்றுக்கு எதிரே பாரிட் புந்தாரிலும் அப்படி வளாகங்கள் உண்டு. மூன்று பள்ளி, தனித்தனி நிர்வாகம், பொதுவான திடலும் சிற்றுண்டிச் சாலையும். அதைப் பற்றிய வாதம் பெரியது, இங்கே வேண்டாம். 2011-இல் கே.எஸ்.எஸ்.ஆர். வந்தபோது முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு முன் சில வாரம் பள்ளியைப் பழக்கும் நிலைமாற்றத் திட்டமும் வந்தது. ஏழு வயதுக்காரனுக்கு அது கிடைக்கிறது. தமிழ்ப் பள்ளியிலிருந்து வரும் பதின்மூன்று வயதுக்காரனுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள் அறிமுக வாரம், அதிலும் பாதி நேரம் பள்ளி விதிமுறை விளக்கம்.

அவனுக்குத்தான் அது அதிகம் தேவை. ஏனென்றால் தோட்டம் போனாலும் தோட்டப் பள்ளியின் அளவு போகவில்லை. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். குடும்பங்கள் சிதறின, பள்ளிகள் மூடப்பட்டன. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. பினாங்குத் தொழிற்சாலைகளும், 1996-இல் திறந்த கூலிம் ஹைடெக் பூங்காவும் ஆட்களை இழுத்தன. பள்ளி மட்டும் பல இடங்களில் பழைய இடத்திலேயே நின்றது. 150 மாணவர்களுக்கு மேல் இல்லாத குறைந்த மாணவர் பள்ளிகள் கெடாவில் நமக்கு நிறைய. அதில் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஆறு பேர், ஏழு பேர் இருப்பார்கள். ஆறு ஆண்டும் அதே ஏழு முகம். ஆயாக்கொட்டகைக் காலம் போலவேதான். அந்தப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பத்தைந்து பேர் வகுப்பில் போய் நிற்கிறது. யு.பி.எஸ்.ஆர். இருந்தபோது மலாய்த் தாள்களில் தேறாதவர்கள் புகுமுக வகுப்புக்கும் மற்றவர்கள் நேராக முதலாம் படிவத்துக்கும் போனார்கள். ஏழு பேரும் அப்படிப் பிரிந்துபோவதும் உண்டு. 2021-இல் அந்தத் தேர்வே போய்விட்டது.

இப்போது நம் தமிழ் வகுப்புக்கு வருவோம். இடைநிலைப்பள்ளியில் தமிழ், மாணவர் தாய்மொழியாக, பதினைந்து பேர் கேட்டால் நடத்தலாம் என்ற விதியில் நிற்கிறது. பி.ஓ.எல். என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வது இதுதான். பல பள்ளிகளில் பல வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் வந்து ஓர் அறையில் சேர்வதுதான் தமிழ் வகுப்பு. சில இடத்தில் பள்ளி முடிந்த பிறகு, சில இடத்தில் விடுமுறை நாளில். கணிதமும் அறிவியலும் படிக்கும் வகுப்பில் எவனோ ஒருவனாக இருக்கும் பிள்ளை, இங்கே வரும்போதுதான் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடும் குரலைக் கேட்கிறது. அந்த முதல் பதினைந்து நிமிடத்தை வீணாக்கிவிட்டால், அடுத்த மாதம் பட்டியலில் பதினான்கு பெயர்தான் இருக்கும். வகுப்பே ஆட்டம் காணும்.

நான் அதை ஒருமுறை வீணாக்கியிருக்கிறேன். பட்டயக் கல்வி முடித்து வேலைக்கு வந்த முதல் ஆண்டு. பாடக் குறிப்பில் “தன்னை அறிமுகப்படுத்துதல்” என்று எழுதிவிட்டு, கரும்பலகையில் ஐந்து கேள்வி போட்டேன். நான்காவது, “அப்பா என்ன வேலை செய்கிறார்?” ஒரு மாணவன் மூன்று வரை சொன்னான். நான்காவதில் நின்றான். நான் “ம்ம், சொல்லு” என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. “தெரியாது சார்” என்று உட்கார்ந்தவன் அந்த ஆண்டு முழுக்கப் பின்வரிசையிலேயே இருந்தான். பாட்டிதான் வளர்க்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோதுதான் அந்த மூன்றாவது வாக்கியக் கதையைச் சொன்னார். நாற்பது ஆண்டாக அதே கேள்வியை நாங்கள் கையில் வைத்திருந்திருக்கிறோம்.

அன்றிலிருந்து எந்த நடவடிக்கையைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது, அதில் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒரு பிள்ளை நிற்கும் என்பதைத்தான். அப்பா வேலை, சொந்த வீடா வாடகையா, விடுமுறைக்கு எங்கே போனாய், இவை மூன்றையும் நீக்கிவிட்டேன். பிறந்த இடம், பிறப்பு எண் போன்றவையும் வேண்டாம். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ சரியாக இல்லாத பிள்ளைகள் நம் சமூகத்தில் இன்னமும் இருக்கிறார்கள். நமக்கு அது விளையாட்டுத் தாளில் ஒரு கட்டம், அவர்களுக்கு வீட்டில் தினமும் நடக்கும் அழுகை.

பெயர் வந்த கதை நன்றாக ஓடுகிறது. ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது, அதில் யாரும் குறைந்து போவதில்லை. பதிவில் எழுத்து மாறிப்போன பெயர்கள் நம்மிடம் ஏராளம். சுந்தரி ‘சாந்திரி’ ஆகியிருக்கும், தாத்தா பெயர் இன்னொரு மாதிரி எழுதப்பட்டிருக்கும். “உன் பெயரைச் சரியாகச் சொல்லிக் காட்டு, எல்லாரும் ஒருமுறை சொல்வோம்” என்றாலே வகுப்பு கலகலக்கும். ஆனால் கட்டாயம் செய்யாதீர்கள், கதை தெரியாதவர் பெயரை மட்டும் சொல்லட்டும்.

கூச்சம் அதிகமான வகுப்பில் இருவர் பேட்டி. மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, பிறகு அவரைப் பற்றி வகுப்புக்குச் சொல்வது. தன்னைப் பற்றிப் பேச வாய் வராத பிள்ளை அடுத்தவரைப் பற்றிப் பேசிவிடும். கேள்வியை நீங்கள் கொடுங்கள்: என்ன சமைக்கத் தெரியும், எதை ரிப்பேர் செய்யத் தெரியும், எந்தப் பாட்டு முழுசாகத் தெரியும். எங்கிருந்து வந்தாய் என்பதைவிட என்ன தெரியும் என்று கேட்கும்போது தோட்டத்துப் பிள்ளை தலை நிமிர்கிறது. மோட்டார் செயின் மாற்றத் தெரிந்தவன் எங்கள் வகுப்பில் ஒரே நாளில் பிரபலமானான்.

மொழி விஷயத்தில் முதல் நாள் மட்டும் நான் கண்டிப்பு காட்டுவதில்லை. தேசியப் பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தமிழுக்கு ஆசையாக வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வாக்கியத்தில் மலாய் கலக்கும். முதல் நாளே “தமிழில் சொல்” என்று நிறுத்தினால், புகுமுக வகுப்பில் நம் அம்மாக்கள் நின்ற இடத்தில் நாம் அவர்களை நிறுத்துகிறோம். வாக்கிய அமைப்பை மூன்றாம் வாரத்தில் திருத்திக்கொள்ளலாம். அந்த வாரம் ஜிக்சாவுக்கும் சரியாக இருக்கும். எஸ்.பி.எம். மாணவர்களுக்கு ஒரு சிறுகதையை ஆறு துண்டாக்கிக் கொடுத்தால் பாடமும் நகரும், பழக்கமும் வளரும்.

கடைசியாக ஒன்று, இது எந்தப் பிடிஎஃப்பிலும் இல்லை, அம்மா சொல்லித் தந்தது. தோட்டத்துத் திடலில் பெண் பிள்ளைகள் விளையாடியது. இரண்டு அணி. ஒவ்வோர் அணித் தலைவியும் தன் ஆட்களுக்கு இரகசியமாகப் பூப்பெயர் வைப்பாள். எதிரணியில் ஒருத்தியின் கண்ணைப் பொத்திக்கொண்டு, தன் அணியிலிருந்து ஒரு பூவைக் கூப்பிடுவாள். அந்தப் பூ மெதுவாய் வந்து நெற்றியில் தட்டிவிட்டுப் போய் உட்காரும். கண்ணைத் திறந்ததும் தட்டியது யார் என்று சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்து, யார் சிரிப்பை அடக்குகிறார்கள் என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நெற்றியில் தட்டுவதற்குப் பதில் மேசையைத் தட்டச் சொல்லுங்கள், ஆண் பெண் கலந்த வகுப்புக்கு அதுவே வசதி. பூப்பெயருக்குப் பதில் பழப்பெயர் வைத்தால் பையன்களும் சேர்ந்துகொள்வார்கள். பதினைந்து நிமிடம் போதும். என் வகுப்பில் சென்ற ஆண்டு ‘டுரியான்’ எழுந்து வந்தபோது வாசலில் வேன் ஹார்ன் அடித்தும் ஒருவரும் பையைத் தூக்கவில்லை.